தொண்டுக்கு வருவோரைத் தெரிந்து தெளிதல்

(நம் அறவாரியத்தின் ஆண்டு விழாவில் செயலவை உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற ஆண்டு இதே மேடையில் நம் தேவார வகுப்புப் பிள்ளைகளின் தேர்ச்சியைப் பற்றிப் பேசினேன். நீங்களும் கைதட்டினீர்கள். இந்த ஆண்டு நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் கைதட்டுவதற்கு உரியதன்று. அன்னதானத்துக்கு முன்னால் இதைப் பேசத்தான் வேண்டுமா என்று நம் செயலாளர் தயங்கினார். சாப்பிட்ட பிறகு பேசினால் கேட்பதற்கு யாரும் இருக்க மாட்டார்கள் என்று சொல்லி அனுமதி வாங்கினேன். சிறு பிள்ளைகள் பின்மண்டபத்தில் ஓவியப் போட்டியில் இருக்கிறார்கள். அந்த வேளையைப் பார்த்துத்தான் என் பேச்சை வைத்திருக்கிறார்கள்.

பொருள் இதுதான். கோயில் வாசலில் 'போலீஸ் பாரம்' என்று பெயர் வாங்கிவிட்ட அந்தப் பச்சை நிறப் பாரம்.

சென்ற ஆண்டு நம் செயலவை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. ஞாயிறு சமய வகுப்பு, மாலை நேர டியூஷன், முதியோர் இல்லம் ஆகிய மூன்றிலும், சம்பளத்துக்கு வந்தாலும் சரி, தொண்டாக வந்தாலும் சரி, பிள்ளைகளோடும் முதியவர்களோடும் பழகுகிறவர்கள் எல்லாரும் ஒரு பாரத்தைப் பூர்த்தி செய்து கொடுக்க வேண்டும். முன்பு எங்கே வேலை செய்தார்கள், எங்கே தொண்டு செய்தார்கள், நீதிமன்றத் தண்டனை ஏதும் உண்டா என்று அதில் கேட்டிருக்கிறோம். அவர்களை அறிந்த இருவரிடம் நாங்கள் நேரில் பேசுவோம். பிள்ளைகளோடு பழகுகிறவர்களின் பெயரைச் சமூக நல இலாகாவின் பதிவேட்டில் பார்க்கச் சொல்லி விண்ணப்பிப்போம். செயலவை உறுப்பினர்களுக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை. முதல் பாரத்தை நான்தான் நிரப்பினேன். நாற்பது வருடம் பிள்ளைகளுக்குப் பாரம் நிரப்பக் கற்றுக்கொடுத்தவன், ஒரு கட்டத்தில் தப்பாக எழுதி அடித்துத் திருத்தினேன்.

முதல் மாதத்திலேயே நான்கு தொண்டர்கள் நின்றுவிட்டார்கள். அவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்று தயவுசெய்து யாரும் எண்ணிவிட வேண்டாம். மனம் நொந்து நின்றவர்கள் அவர்கள். அவர்களில் ஒரு பெரியவர் என் வீட்டுக்கே வந்தார். இங்கே பலருக்கும் அவரைத் தெரியும், பெயர் வேண்டாம்.

"ஐயா, இருபத்திரண்டு வருஷமா இந்தக் கோயில்ல விளக்கு துடைக்கிறேன். அம்பாள் விளக்குல என் கைரேகை இருக்கு. அது உங்களுக்குப் பத்தாதா?"

எனக்குச் சுருக்கென்றது. உட்கார வைத்து, தேத்தண்ணீர் கொடுத்து, மெல்லச் சொன்னேன். "அண்ணே, விளக்கு துடைப்பதற்கு யாரும் உங்களிடம் பாரம் கேட்கவில்லை. ஆனால் நம் இல்லத்துப் பாட்டிமாரை மாதா மாதம் உங்கள் காரில் ஏற்றிக்கொண்டு கிளினிக்குக்குப் போகிறீர்கள். காரில் அவர்களும் நீங்களும் மட்டும்தான். உங்களை எனக்குத் தெரியும். நாளைக்கு உங்கள் இடத்துக்கு வருகிறவனை யாருக்குத் தெரியும்? உங்களிடம் கேட்காமல் அவனிடம் மட்டும் எந்த வாயால் கேட்பது?" அவர் பதில் சொல்லவில்லை. தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

ஒருவரைப் பற்றி விசாரிப்பது அவரை அவமதிப்பது என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக இருக்கிறது. ஆனால் நாம் விசாரிக்காமலா வாழ்கிறோம்? பெண் கொடுக்கும்போது மூன்று தலைமுறையை விசாரிக்கிறோம். வங்கியில் ஐயாயிரம் வெள்ளி கடன் கேட்டால் சம்பளச் சீட்டை எடுத்து வை என்கிறார்கள், நாமும் முகம் சுளிக்காமல் வைக்கிறோம். நம் கோயிலில் அம்பாளின் நகைப் பெட்டிக்கு இரண்டு பூட்டு. இரண்டு சாவியும் இரண்டு பேரிடம் இருக்கின்றன. ஒருவர் மட்டும் திறக்க முடியாது. அந்த இருவரும் இன்றுவரை அதை அவமானமாகக் கருதியதில்லை. ஒரு ஜோடித் தோட்டுக்கு இவ்வளவு காவல் வைத்த நாம், ஞாயிற்றுக்கிழமை காலையில் பெற்றோர் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகும் பிள்ளைகளை, "நான் பாடம் சொல்லித் தருகிறேன்" என்று சிரித்த முகத்தோடு வருகிற எவரிடமும் ஒப்படைத்து வந்திருக்கிறோம்.

திருவள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். 51-ஆவது அதிகாரம். ஆராயாமல் ஒருவரை நம்புவதும் கேடு, நம்பி ஏற்ற பின் அவரைச் சந்தேகிப்பதும் கேடு என்பது அங்கே சொல்லப்படும் கருத்து. அந்த இரண்டாவது பாதியைக் கவனியுங்கள். முதலிலேயே முறையாகக் கேட்டுவிட்டால், பிறகு அந்தத் தொண்டரை ஓரக்கண்ணால் பார்க்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

நிற்க. இதெல்லாம் எங்கோ வெள்ளைக்காரன் நாட்டுச் சமாச்சாரம் என்று சிலர் சொன்னார்கள். வெள்ளைக்காரன் ஒருவனைப் பற்றியே சொல்கிறேன். ஆனால் சம்பவம் நடந்தது நம் நாட்டில்.

ரிச்சர்ட் ஹக்கல் என்ற பெயரை 2016-இல் நீங்கள் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். இங்கிலாந்தின் கெண்ட் பகுதியைச் சேர்ந்தவன். பள்ளிப் படிப்பை முடித்த வயதில் முதன்முதலாக மலேசியாவுக்கு வந்தான். பிறகு திரும்பத் திரும்ப வந்து, கோலாலம்பூரில் ஏழைக் குடும்பங்களிடையே தொண்டனாகவும், படம் பிடிப்பவனாகவும், ஆங்கிலம் சொல்லித் தருபவனாகவும் பழகினான். 2014 டிசம்பரில் லண்டன் கெட்விக் விமான நிலையத்தில் கைதானான். 2006 முதல் 2014 வரை இழைத்த 71 குற்றங்களை ஒப்புக்கொண்டான். அவன் கையில் சிக்கிய பிள்ளைகளின் வயது 6 மாதத்திலிருந்து 12 வரை. 2016 ஜூனில் லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றம் அவனுக்கு 22 ஆயுள் தண்டனைகள் விதித்தது. 2019 அக்டோபரில் சிறைக்குள்ளேயே கொல்லப்பட்டான்.

அவன் போய்ப் பழகிய குடும்பங்களில் நம் இனத்துக் குடும்பங்களும் இருந்தன. எந்தச் சமயத்தைச் சேர்ந்தவர்கள் என்பது இங்கே பேச்சன்று. எந்தச் சமயத்தார் என்றாலும் தொண்டு என்று வந்து நிற்பவனை நாம் வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்பதில்லை, அதை அவன் தெரிந்து வைத்திருந்தான். வீட்டுக்குள் வந்து தரையில் உட்கார்ந்து கையால் சாப்பிடுகிற வெள்ளைக்காரப் பிள்ளையிடம் யார் போய் "தம்பி, நீ யார், உன் ஊரில் உன்னைத் தெரிந்தவர் யார்?" என்று கேட்பார்கள்? நானாக இருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். இன்னும் இரண்டு தோசை வைத்திருப்பேன்.

அதற்கு அடுத்த ஆண்டே நம் நாட்டில் புதிய சட்டம் வந்தது. சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் 2017, அதாவது 792-ஆவது சட்டம். அந்த ஆண்டு ஜூலை 10-ஆம் தேதி நடப்புக்கு வந்தது. இதில் மூன்று பிரிவுகளை மட்டும் நீங்கள் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். 16-ஆவது பிரிவின்படி, பிள்ளையின் நம்பிக்கைக்கு உரிய இடத்தில் இருப்பவர், அதாவது பெற்றோர், பாதுகாவலர், பிள்ளை பார்த்துக்கொள்பவர், ஆசிரியர், பயிற்றுநர் போன்றோர் இக்குற்றத்தைச் செய்தால், குற்றத்துக்குரிய தண்டனைக்கு மேல் இன்னும் 5 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 2 பிரம்படியும் உண்டு. 18-ஆவது பிரிவின்படி, வேறு சாட்சி இல்லையென்றாலும் பிள்ளையின் சாட்சியத்தைக் கொண்டே நீதிமன்றம் குற்றவாளியைத் தண்டிக்கலாம். 19-ஆவது பிரிவு நம் எல்லாருக்குமானது. இப்படி ஒரு குற்றம் நடந்ததை அறிந்தும் போலீசுக்குத் தெரிவிக்காமல் இருப்பவர் தாமே குற்றவாளி ஆகிறார். 5,000 வெள்ளி வரை அபராதம். 'கோயில் பெயர் கெட்டுவிடும்', 'குடும்ப மானம் போய்விடும்' என்பவை அந்தப் பிரிவில் விதிவிலக்காக எழுதப்படவில்லை.

இனிப் பதிவேட்டுக்கு வருகிறேன். 2001-ஆம் ஆண்டு சிறார் சட்டத்துக்கு 2016-இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, சிறாருக்கு எதிரான குற்றங்களில் தண்டிக்கப்பட்டவர்களின் விவரங்களைச் சமூக நல இலாகா ஒரு பதிவேட்டில் வைத்திருக்கிறது. 2019 மார்ச் முதல், பிள்ளைகளோடு பழகும் வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் அந்த ஆள் அதில் இருக்கிறாரா என்று சரிபார்க்க விண்ணப்பிக்க முடிகிறது. ஊர் முழுக்க ஒட்டி வைக்கும் பட்டியல் அன்று இது. நாமும் ஒருவருடைய சம்மதக் கையெழுத்தைப் பெற்ற பிறகே அவர் பெயரை அனுப்புகிறோம். வருகிற பதில் கடிதத்தைத் தலைவரும் செயலாளரும் மட்டுமே பார்ப்பார்கள். அது கோயில் சமையல்கட்டில் பேசப்படும் செய்தியாக ஆனால் நான் செயலவையிலிருந்து விலகிவிடுவேன் என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டேன்.

இந்தப் பதிவேட்டால் ஆகாதவையும் உண்டு. 2017-க்கு முந்திய பழைய வழக்குகளை அதில் எதிர்பார்க்கக் கூடாது. முதியவரின் ஓய்வூதியப் பணத்தை ஏமாற்றி எடுத்தவன், படுத்த படுக்கையாய்க் கிடப்பவரை அடித்தவன், இவர்களைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. விஸ்மா புத்ரா வழங்கும் நன்னடத்தைச் சான்றிதழ் ஒன்று இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் வெளிநாட்டுக்குப் படிக்கவோ வேலைக்கோ போகிறவர்கள் வாங்குவது. ஞாயிறு வகுப்புக்கு வரும் ஒவ்வொரு தொண்டரையும் அதை வாங்கி வா என்று நாம் விரட்டுவதில்லை. தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் ஒப்பந்தத்தில் வருகிறவர்களைப் பற்றி இங்குள்ள பதிவேட்டுக்கு எதுவும் தெரியாது. அவர்கள் ஊர்க் காவல்துறையின் சான்றிதழை அங்கேயே வாங்கி வரச் சொல்கிறோம். இந்தியாவில் பாஸ்போர்ட் அலுவலகம் வழியாகவே அதை வாங்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. ஒருவன் பெயர் பதிவேட்டில் ஏற வேண்டுமானால் தீர்ப்பு வேண்டும். தீர்ப்புக்கு வழக்கு வேண்டும், வழக்குக்குப் புகார் வேண்டும், புகாருக்கு யாராவது ஒருவர் வாயைத் திறக்க வேண்டும். ஹக்கல் இங்கே உலவிய காலத்தில் எந்தப் பட்டியலில் தேடியிருந்தாலும் அவன் பெயர் கிடைத்திருக்காது.

வாயைத் திறப்பதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி குறைவு. ஏன் என்று சொல்லிவிடுகிறேன். என் மனைவியைத் தவிர யாரிடமும் இதை நான் இதுவரை சொன்னதில்லை.

எண்பதுகளில், நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம். தோட்டத் தமிழ்ப்பள்ளி. எந்தப் பள்ளி என்பது வேண்டாம். என்னோடு ஓர் ஆசிரியர் இருந்தார். நல்ல குரல். நாடகம் போடுவார், பிள்ளைகளுக்கு மாலையில் இலவசமாகப் பாடம் சொல்லித் தருவார். தோட்டத்து மக்கள் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். நான்காம் ஆண்டு படித்த ஒரு சிறுமி திடீரென்று பள்ளிக்கு வருவதை நிறுத்தினாள். ஒரு வாரம் கழித்து அவளுடைய தாயார், மரம் வெட்டிவிட்டுப் பால் வாளியோடு நேராக வந்து, பள்ளிக்குப் பின்னால் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"வாத்தியாரையா, எம்புள்ளைய அந்த வாத்தியாருகிட்ட தனியா விடாதீங்க. வேற ஒண்ணும் என்னைக் கேக்காதீங்க."

நானும் வேறொன்றும் கேட்கவில்லை. எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று நான் சொன்னால் அது பொய். தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவர் நல்லவர். ஒரு நாள் முழுக்க யோசித்தார். பிறகு தோட்டத்துப் பெரியவர்கள் இருவரைக் கூப்பிட்டுப் பேசினார். "தம்பி, போலீஸ் கேஸுன்னு போனா அந்தப் பொண்ணு வாழ்க்கை என்ன ஆகும்? நம்ம பள்ளிக்கூடத்துக்கு ஏற்கனவே பிள்ளைங்க கொறைஞ்சிக்கிட்டு வருது" என்றார். அந்த வருட முடிவில் அவருக்கு மாற்றல் வந்தது. மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தவரும் அவரே.

பிரியாவிடைக்குத் தேநீர் விருந்து வைத்தோம். வாழ்த்து மடல் ஒன்று எழுதிக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தோம். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று அந்த மடலை எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். எழுதினேன். 'பிள்ளைகளின் உள்ளம் கவர்ந்த நல்லாசிரியர்' என்று எழுதினேன். இந்திய மையில், சாய்வெழுத்தில் எழுதினேன்.

அவர் போன பள்ளியிலிருந்து அவரைப் பற்றி எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்போமா என்பது வேறு. பல வருடம் கழித்து ஒரு பயிற்சிப் பட்டறையில் அந்தப் பள்ளி ஆசிரியர் ஒருவரைச் சந்தித்தேன். பேச்சுவாக்கில் அந்தப் பெயரைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. அங்கேயும் மாற்றலாகத்தான் முடிந்திருக்கிறது. அவர் கடைசிவரை வேலை பார்த்து, ஓய்வூதியத்தோடு ஓய்வு பெற்றார். இன்று அவர் நம் கோயிலுக்குத் தொண்டு செய்ய வந்தால், பச்சைப் பாரத்தில் எல்லாக் கட்டங்களிலும் 'இல்லை' என்று எழுதலாம். அதில் ஒரு வார்த்தையும் பொய்யாக இருக்காது. கூடவே என் கையெழுத்தில் ஒரு நற்சான்றும் வைத்திருப்பார்.

அந்தச் சிறுமி பிறகு பள்ளிக்குத் திரும்பவே இல்லை. அந்தக் குடும்பம் தோட்டத்தை விட்டுப் போய்விட்டது. எங்கே போனார்கள் என்று விசாரித்துப் பார்க்கக்கூட எனக்குத் தைரியம் இருக்கவில்லை.

ஆகவேதான் பாரத்தில் ஒரு கேள்வியை நானே வற்புறுத்திச் சேர்க்கச் செய்தேன். 'எந்தப் பள்ளியிலாவது, இல்லத்திலாவது, கோயிலிலாவது பிள்ளைகள் அல்லது முதியவர்கள் தொடர்பான புகாரின் பேரில் உங்களை விலகச் சொன்னதுண்டா, அல்லது நீங்களே விலகியதுண்டா?' இதற்கும் ஒருவன் பொய் எழுதலாம். ஆனால் முன்பு இருந்த இடத்துக்கு நாம் தொலைபேசியில் கூப்பிடுகிறோம். கடிதம் வாங்குவதில்லை. கடிதத்தில் எல்லாரும் நல்லவர்கள்தான், நான் எழுதிய மடலே அதற்குச் சாட்சி. கூப்பிட்டு, வேலை எப்படி, குணம் எப்படி என்றெல்லாம் பேசிய பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்போம். "இவரை மறுபடியும் உங்கள் பிள்ளைகளோடு இருக்க விடுவீர்களா?" நல்லவராக இருந்தால் பதில் உடனே வந்து விழும். சில சமயம் மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். இந்த ஓராண்டில் அப்படி ஒரு முறை கேட்டேன். அந்த விண்ணப்பத்தை நாங்கள் ஏற்கவில்லை. அந்த நிறுவனத்தாரிடம், உங்களுக்குத் தெரிந்ததைப் போலீசில் சொல்லுங்கள் என்றும் சொன்னேன். சொன்னார்களா என்று மறுபடியும் கூப்பிட்டுக் கேட்டேன். சொன்னார்கள்.

நன்கொடையாளர்களுக்கு ஒரு விளக்கம் கடமைப்பட்டிருக்கிறேன். உங்களில் ஒருவர், "சிறைக்குப் போய் வந்தவனை வைத்தா இல்லத்தில் சமைக்கிறீர்கள்? என் பணம் அதற்கா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை.

முதியோர் இல்லத்துச் சமையல் வேலைக்கு வந்தவர் அவர். பாரத்தை வாங்கி, அரை மணி நேரம் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். பிறகு உள்ளே வந்து, "சார், இதுல உண்மைய எழுதினா வேலை கெடைக்காது. பொய் எழுத மனசு வரல. நான் வீட்டுக்குப் போறேன்" என்றார். உட்கார வைத்துக் கேட்டோம். இருபது வயதில் கூட்டாளிகளோடு மோட்டார் சைக்கிள் திருடிப் பிடிபட்டு எட்டு மாதம் உள்ளே இருந்திருக்கிறார். இப்போது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இடையில் ஒரே சாப்பாட்டுக் கடையில் பதினேழு வருடம் வேலை. கடைக்காரரைக் கூப்பிட்டுப் பேசினோம். "கடைய மூடிட்டேன், இல்லாட்டி அவரை விட்டிருக்க மாட்டேன்" என்றார்.

செயலவையில் இதைப் பற்றி இரண்டு கூட்டம் பேசினோம். சூடாகத்தான் பேசினோம். செய்த குற்றம் என்ன, எத்தனை வருடம் ஆயிற்று, கொடுக்கப் போகும் வேலைக்கும் அந்தக் குற்றத்துக்கும் தொடர்பு உண்டா, தானாகச் சொன்னாரா நாம் கண்டுபிடித்தோமா என்று பார்த்தோம். பக்கத்துச் சிங்கப்பூரில் சிறு குற்றங்களுக்கு ஒரு முறை உண்டு. 3 மாதத்துக்கு மேற்படாத சிறை அல்லது 2,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேற்படாத அபராதம் பெற்றவர், 5 ஆண்டு வேறு குற்றம் செய்யாமல் இருந்து, மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால், அந்தப் பதிவு கழிந்ததாகக் கொள்ளப்படும். நம்மவருடைய எட்டு மாதம் அந்தக் கணக்கில் வராது. ஆனாலும் ஒரு மனிதனின் இருபது வயதுத் தப்பை எந்த வயதில் விடுவது என்று ஒரு நாடு யோசித்து எழுதி வைத்திருக்கிறது என்பது எங்களுக்கு உதவியாக இருந்தது. வேலை கொடுத்தோம். அலமாரிச் சாவி அவரிடம் இல்லை, ஆனால் அது மற்றச் சமையல்காரரிடமும் இல்லை. கேள்வி கேட்ட நன்கொடையாளர் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் இல்லத்துக்கு வந்து, பாட்டிமாரோடு உட்கார்ந்து ரசம் சாப்பிட்டுவிட்டுப் போனார். இந்த ஆண்டும் நன்கொடை அனுப்பியிருக்கிறார், சென்ற ஆண்டைவிடக் கொஞ்சம் குறைவாக. அவர் மனம் இன்னும் முழுதாக ஒப்பவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் சிறாருக்கு எதிரான குற்றத்தில் தண்டிக்கப்பட்டவருக்கு நம் வகுப்புகளில் இடமில்லை. முப்பது வருடம் ஆகியிருந்தாலும், கண்ணீர் விட்டாலும், பெரிய தொகையை நன்கொடையாகக் கொடுத்தாலும் இடமில்லை. அவர் சாமி கும்பிட வரலாம். அம்பாள் யாரையும் வாசலில் நிறுத்துவதில்லை. வகுப்பறை அம்பாளின் சந்நிதி அன்று, அதற்கு நாங்கள் பொறுப்பு.

பாரத்தை மட்டும் நம்பி நாங்கள் உட்கார்ந்துவிடவில்லை. வகுப்பு நடக்கும்போது கதவு திறந்திருக்கும், எப்போதும் பெரியவர்கள் இருவர் இருப்பார்கள். எந்த ஆசிரியரும் ஒரு பிள்ளையைத் தனியாகக் காரில் ஏற்றிப் போகக் கூடாது, மழை பெய்தாலும் சரி. பிள்ளைகளின் கைத்தொலைபேசிக்குத் தனிச்செய்தி அனுப்பக் கூடாது. பெற்றோரும் இருக்கும் குழுவில்தான் அனுப்ப வேண்டும். இல்லத்தில் முதியவரைக் குளிப்பாட்டும்போது இன்னொருவர் கூப்பிடு தூரத்தில் இருப்பார். பிள்ளைகளிடமும் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். யாரிடம் சொல்வது என்று தெரியாவிட்டால் 15999, தாலியான் காசே. வகுப்புச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறோம். ஒரு பையன் அந்த எண்ணைக் கூட்டிப் பார்த்துவிட்டு "முப்பத்து மூணு சார்" என்றான். எப்படியோ மனப்பாடம் ஆனால் சரி.

நின்றுபோன நால்வரில் இருவர் திரும்பி வந்துவிட்டார்கள். விளக்கு துடைக்கும் பெரியவர் சென்ற வெள்ளிக்கிழமை ஒன்றும் பேசாமல் வந்து பாரத்தைக் கேட்டு வாங்கினார். கண்ணாடி கொண்டு வரவில்லை என்று என்னையே படிக்கச் சொன்னார். நான் படித்தேன், அவர் சொன்னார், நான் எழுதினேன். கையெழுத்தை மட்டும் அவர் போட்டார். இந்த மாதமும் பாட்டிமாரைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனது அவர் கார்தான்.

அடுத்த மாதம் புதிய வகுப்பு தொடங்குகிறது. தமிழுக்கு இருவர், கணக்குக்கு ஒருவர், இல்லத்துக்கு வாரம் ஒரு முறை வரக்கூடிய பெண் தொண்டர்கள் மூவர் வேண்டும். வெளியே அன்னதான வரிசைக்குப் பக்கத்தில் நம் பொருளாளர் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார். அடையாளக் கார்டைக் கொண்டு வந்திருந்தால் இன்றே பாரத்தைப் பூர்த்தி செய்து கொடுத்துவிடலாம். பேனா அங்கேயே இருக்கிறது. நூல் போட்டு மேசைக் காலில் கட்டியிருக்கிறோம்.